தெளிந்த கண் கை தூக்குவதில்லை

வந்தவரின் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி, வலது கண்ணுக்கு ஒரு லென்ஸைச் செருகி, “இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?” என்று கேட்டுவிட்டு மாமா கைப்பேசிக்குப் போய்விடுகிறார். வந்தவர் “இதுல” என்கிறார். பதில் இல்லை. “அதுலயும் பரவாயில்ல” என்கிறார். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் அவர் ஒற்றைக் கண்ணோடு திரும்பிப் பார்த்தால், மாமா ஆள்காட்டி விரலால் கைப்பேசியைக் குத்திக்கொண்டு இருக்கிறார். “ஒரு நிமிஷம் சார். பேட்டரிய பத்தி ஒருத்தன் தப்பா எழுதிட்டான். விட்டா ஊரே நம்பிடும்.”

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கண்ணாடிக் கடை அவருடையது. முன்பக்கம் ஃபிரேம்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் சோதனை நாற்காலி, சுவரில் விளக்குப் பெட்டி, அதில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கிவரும் எழுத்துகளும் எண்களும், மூலையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின். மெஷின் ஓடும்போது போடும் சத்தத்தில் பேச முடியாது, அதனால் மாமா எழுதுவார். மெஷின் நின்றதும் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவார். எப்படிப் பார்த்தாலும் எனக்குத் தப்ப வழியில்லை.

எழுதுவது எங்கே என்கிறீர்களா? ஒரு செய்தித் தளத்தில், ஒவ்வொரு செய்திக்கும் அடியில் ‘உங்கள் கருத்து’ என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில்தான். தொழில்நுட்பம், அறிவியல், வணிகம், நாட்டுநடப்பு, எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. மேலே இருக்கும் செய்தியை நம்மைப் போன்றவர்கள் படிக்கிறோம். மாமா தலைப்பைப் பார்த்த கையோடு கீழே இறங்கிவிடுவார். “சோத்துல முழு பூசணிக்காய மறைக்கிறவன் மேல எழுதுவான். அத தோண்டி எடுக்கிறவன் கீழ எழுதுவான்” என்பது அவர் கட்சி. அங்கே அவருக்குப் பெயர் ‘தெளிந்த கண்’. தானே வைத்துக்கொண்ட பெயர்.

எல்லாம் தெரிந்ததுபோலப் பேசும் கணினி வந்துவிட்டது என்று உலகமே வாயைப் பிளந்தபோது அவர் எழுதினார்: “இதில் என்ன அதிசயம்? என் சகலை பல வருடமாக இதைத்தான் செய்கிறார். மின்சாரம்கூட வேண்டாம்.” சகலை என்றால் என் வீட்டுக்காரர். இரண்டு குடும்பமும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிலாவில் தண்ணீர் இருக்கிறது என்ற செய்திக்கு, “எங்கள் தெருக் குழாய்க்கு எப்போது வரும் என்று அங்கேயே கேட்டுச் சொல்லவும்.” இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தபோது, “கல்யாணம் முதலாளிகளுக்கு. பந்தியில் இடம் கிடைக்காமல் எழுந்து போவது வேலைக்காரர்கள்.” இதற்கு அந்தப் பக்கத்தில் கட்டைவிரல் படம் போட்டுப் பாராட்டியவர்கள் ஏராளம். ஒரு வாரம் மாமா தரையில் நடக்கவில்லை.

சொன்னது பலித்ததா என்றால், அதைக் கேட்காதீர்கள். தொடுதிரைக் கைப்பேசி வந்த புதிதில், “கண்ணாடியைத் தடவிக்கொண்டே எவன் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பான்?” என்று எழுதியவர் இவர். அதைத் தடவிக்கொண்டேதான் இப்போது நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடிக்குள் கணினி வைத்து விற்கப்போகிறார்கள் என்றபோது மட்டும், “மூக்கு தாங்காது” என்று ஒரே வரி எழுதினார். அது விற்கவில்லை. அன்றிலிருந்து கடைக்கு வரும் ஒவ்வொருவரும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணைச் சோதித்துக்கொள்ள முடியும்.

அக்காவுக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. “வீட்டுல குழாய் ஒழுகுது, அதுக்கு ஒரு கருத்து சொல்லுங்களேன்” என்பாள். மாமா அசர மாட்டார். “குழாய பத்தி எவனாவது தப்பா எழுதட்டும், உடனே சொல்றேன்.”

அந்தக் கட்டத்தில் தினமும் கூடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஊர் தெரியாது, உண்மைப் பெயர் தெரியாது. ஆனாலும் அங்கே ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் சொன்னது தவறு என்று நிரூபணமாகிவிட்டால், அவர் ‘கை தூக்கிட்டேன்’ என்று எழுதிவிட வேண்டும். அதோடு சண்டை முடிந்தது; அதற்குமேல் யாரும் குத்திக் காட்டக் கூடாது. எல்லோரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தூக்கியவர்கள்தான். மாமா தூக்கியதே இல்லை. இன்னொருவரும் தூக்கியதில்லை. அவர் பெயர் ‘கடைசி பெஞ்சு’.

இந்தக் கடைசி பெஞ்சுதான் மாமாவின் ஜென்மப் பகை. மாமா கிழக்கு என்றால் அவர் மேற்கு. “ஐயாவுக்கு ஒரு வார்த்தை” என்று ஆரம்பிப்பார், அரைப் பக்கம் எழுதுவார். அதைப் படித்ததும் மாமாவுக்குக் காது சிவந்துவிடும். “இந்த ஆள பாரேன், நான் தும்மினா அதுலயும் தப்பு கண்டுபிடிப்பான்!” என்று கத்திக்கொண்டே திரையை விலக்கி வருவார். முகத்தைப் பார்த்தால் அப்படியொரு பூரிப்பு. ஒருமுறை கண்ணாடி லென்ஸ்களைப் பற்றி இருவருக்கும் நாள் கணக்கில் வாக்குவாதம். கடைசியில் மாமா பொறுமையாக, கிட்டப்பார்வைக்கு ஏன் குழிலென்ஸ், தூரப்பார்வைக்கு ஏன் குவிலென்ஸ் என்று பாடமே நடத்திவிட்டார். அந்த ஆள் கை தூக்கினாரா? “அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்று எழுதிவிட்டுப் போனார். மாமா சிரித்த சிரிப்பில் சோதனை நாற்காலியில் கண் காட்ட வந்திருந்த ஒரு அம்மா பயந்துபோனார்.

வினை ஒரு பேட்டரிச் செய்தியில் வந்தது. புது மாதிரி பேட்டரி ஒன்று 8 நிமிடத்தில் நிரம்பிவிடும் என்று போட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சு அதை 3 நிமிடம் என்று படித்துவிட்டு, அது ஏன் நடக்கவே நடக்காது என்று அரைப் பக்கத்துக்கு விளாசியிருந்தார். மாமாவுக்குக் கரும்பு தின்னக் கூலியா? “முதலில் கண்ணாடியை மாற்றுங்கள் ஐயா, பிறகு கருத்து சொல்லலாம்” என்று எழுதினார். கூட்டம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. ‘கை தூக்கு, கை தூக்கு’ என்று ஆளாளுக்கு எழுதினார்கள். கடைசி பெஞ்சு ஒன்றும் எழுதவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

“ஓடிட்டான்” என்று முதலில் மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பிறகு நாள் போகப் போக, எதை எழுதினாலும் அவருக்கு ருசிக்கவில்லை. ராக்கெட்டைப் பற்றி எழுதினார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பங்குச் சந்தையைப் பற்றி எழுதினார், அதையும் ஒத்துக்கொண்டார்கள். “எல்லாரும் ஆமாம் ஆமாம்னா, அப்புறம் எதுக்குய்யா எழுதணும்?” என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மெஷின் ஓடும்போது சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு காலை, நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர் எண் வரிசையைப் படித்துக்கொண்டு வந்தார். எட்டை மூன்று என்றார். மாமா மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் மூன்று என்றார். அந்தப் பெரியவரை நல்ல கண் மருத்துவரிடம் அனுப்பிவைத்துவிட்டு மாமா வெளியே வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“ஏம்மா, எட்ட மூணுன்னு படிக்கிறவன் திமிர்லயா படிப்பான்?”

“இல்ல மாமா. கண்ணு தெரியாமத்தான் படிப்பான்.”

“அது எனக்குத் தெரிய வேணாமா? நான் என்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன்?” என்றார். “அந்தக் கடைசி பெஞ்சு, பேட்டரிக்கு முன்னாடியே ரெண்டு மூணு தடவ இப்படித் தப்பாப் படிச்சான்மா. நான் அத வச்சுச் சிரிச்சிருக்கேன். கண்ணு போற ஆளப் பாத்துச் சிரிச்சிருக்கேன்.”

அன்றே எழுதினார்: ‘கடைசி பெஞ்சு ஐயா, நலமா?’ பதில் இல்லை. வேறு செய்தியின் அடியில் கேட்டார், மன்னிப்பும் கேட்டார். அங்கேயும் இல்லை. தளத்துக்காரர்களிடம் விலாசம் கேட்டார். தர மாட்டோம் என்றார்கள். அக்கா, “அவருக்கு ஆயிரம் வேல இருக்கும், விடுங்க” என்றாள். மாமா தலையை ஆட்டினார். “நலமான்னு கேட்டா வர்ற ஆளு இல்லடி அவன். தப்புன்னாத்தான் வருவான்.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் ஏதோ பளிச்சிட்டதை நான் பார்த்தேன். பார்த்தும் தடுக்கத் தோன்றவில்லை. கண் ஆரோக்கியம் பற்றி அன்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் அடியில், தன் தொழிலையும் சொல்லி, மாமா எழுதினார்: “கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கிட்டப்பார்வைக்குக் குவிலென்ஸ்தான் போட வேண்டும்.”

முழுத் தப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். “மாமா, உங்களுக்கென்ன பைத்தியமா?” என்று நான் அலறினேன். “அவனுக்கு இத சொல்லிக் குடுத்ததே நான்தாம்மா. இத பாத்தா, படுத்துக் கிடந்தாலும் எந்திரிச்சு வருவான்” என்றார்.

வந்தார்கள், கடைசி பெஞ்சைத் தவிர மற்ற எல்லோரும். ‘கடையை மூடிவிட்டுக் காற்று வாங்கப் போகவும்’ என்றார் ஒருவர். ‘தெளிந்த கண்ணுக்கே புரை விழுந்தது’ என்றார் இன்னொருவர். பல வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்தார்கள். கை தூக்கு, கை தூக்கு என்று ஒரே கூச்சல். அதோடு விட்டதா? தெளிந்த கண் யார் என்று தெரிந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு வந்து, ஆர்டர் கொடுத்திருந்த கண்ணாடி வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “பொழப்புல நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கிறீங்களே! அழிச்சுத் தொலைங்க அத.”

“அழிச்சிட்டா அவன் எதப் பாத்து வருவான்?” என்றார் மாமா.

வாயை மூடிக்கொண்டு அத்தனை ஏச்சையும் வாங்கினார். யார் யாருக்கோ திருத்தம் போட்டே பழகிய விரல், தன் தப்பு ஊர் சிரிக்க அப்படியே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. திருத்தி எழுத அந்த விரல் எப்படித் துடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில்தான் இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரிந்தது. அதை அவரிடம் சொன்னால் அதற்கும் ஒரு திருத்தம் சொல்வார், அதனால் சொல்லவில்லை.

நேற்று முற்பகல், நாற்காலியில் ஒரு பேருந்து ஓட்டுநர் சோதனை ஃபிரேமோடு உட்கார்ந்திருந்தார். மாமா லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். மேசையில் கைப்பேசி முனகியது. எடுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். “ஏம்மா, இங்க வா. நீ படி. எனக்கு மங்கலா தெரியுது” என்றார். திரையை விலக்கிப் போனேன். சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்காவும் பின்னாலேயே வந்தாள்.

நான் படித்தேன். “ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கிட்டப்பார்வைக்குக் குழிலென்ஸ். எனக்குப் பாடம் நடத்தியவருக்கே மறந்துவிட்டதா? நீங்கள் கேலி செய்த ரோஷத்தில் கண்ணாடி மாற்றப் போனேன். போன இடத்தில் விழித்திரை கிழிந்திருக்கிறது என்று சொல்லி உடனே அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். தாமதித்திருந்தால் அந்தக் கண் போயிருக்குமாம். நாள் முழுக்கக் குப்புறப் படுத்தே கிடக்கச் சொன்னார்கள். கைப்பேசியைத் தொடவே விடவில்லை. இன்று மருமகள் பழைய செய்திகளையும் அடியில் இருந்த கருத்துகளையும் படித்துக் காட்டினாள். உங்கள் உளறலைக் கேட்டதும் தாங்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கண் நன்றாக இருக்கிறது. மரியாதையாகக் கை தூக்கவும்.”

மாமா மூக்கை உறிஞ்சினார். அக்காவுக்கு அவசரம். “அதான் ஆளு வந்தாச்சுல்ல? வேணும்னேதான் அப்படி எழுதினேன்னு இப்பவாவது சொல்லுங்க. கட பேரு மிஞ்சட்டும்.” நானும் அதைத்தான் சொன்னேன். ஒரு வரி போதும், எல்லார் வாயும் அடைபட்டுவிடும்.

“அவன் குப்புறப் படுத்துக்கிட்டு ஜெயிச்சிருக்கான். அத நான் பிடுங்கவா?” என்றார் மாமா.

ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். ‘கை தூக்கிட்டேன்.’ அனுப்பினார். அதோடு மனசு ஆறவில்லை போலிருக்கிறது. கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, விளக்குப் பெட்டிக்கு முன்னால் நேராக நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார்.

“ரெண்டு கையும் நல்லா தெரியுது சார்” என்றார் நாற்காலியில் இருந்த ஓட்டுநர்.

மாமா இறக்கவில்லை.