கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் ஒரு கலியாணப் படம்

சென்ற கிழமை என் தம்பி மகள் தன் கைப்பேசியால் என்னைப் படம் பிடித்தாள். பிடித்தபின் திரையில் விரலை இழுத்து, என் பின்னால் இருந்த புத்தக அலுமாரியைப் பனியாகக் கரைத்துக் காட்டினாள். "பாருங்க அத்த, ஒன்னு தசம் எட்டுல வச்சா எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள். எண்களுக்கும் மணம் உண்டு போலும். அந்த ஒன்று தசம் எட்டைக் கேட்ட கணமே, பாயில் பரப்பிக் காயவிட்ட கராம்பின் மணம் எனக்குள் எழுந்தது. ஏன் என்று சொல்கிறேன். சற்றுச் சுற்றித்தான் சொல்ல வேண்டும்.

மாத்தளைக்கு அருகே ஒரு கொக்கோத் தோட்டத்தில் அப்பா எழுதுவினைஞர். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாவின் தட்டுமுட்டுகளைப் புற்றரையில் வைத்து ஏலம் விட்டார்கள். கதிரை வாங்கப் போன அப்பா, தோலுறையில் கிடந்த ஒளிப்படக் கருவி ஒன்றுடன் வந்தார். அம்மா அதை மேலும் கீழும் பார்த்து, "வர்றவங்கள இதுலயா உக்கார வைக்கிறது?" என்று கேட்டார். இருவருக்கும் வேண்டாத அந்தப் பொருள் எனக்குக் கிடைத்தது. அப்போதுதான் நகரில் ஆசிரியப் பணியில் சேர்ந்திருந்தேன். தூய தமிழில் எனக்குத் தீராத மோகம். பிறர் லென்ஸ் என்றதை வில்லை என்பேன். ஒளி புகும் வாயைத் துளை என்பேன். உடன் கற்பித்த நபீஸா இதைக் கேட்டுச் சிரிப்பார். "தொள வடையிலயும் இருக்கு டீச்சர். அதால படம் வருமா?"

அந்த வில்லைக்கு ஒரே குவியத் தூரம். பொருளை இழுத்துக் காட்டவோ தள்ளிக் காட்டவோ அதற்குத் தெரியாது. நெருங்கவும் விலகவும் நாமேதான் நடக்க வேண்டும். அப்படிப் பின்னால் நடந்து நடந்து ஒருமுறை நபீஸா வீட்டு முற்றத்துக் கராம்புப் பாயின் நடுவே போய் நின்று திட்டு வாங்கினேன். ஆனால் அதன் அருமை வேறிடத்தில் இருந்தது. துளையை ஒன்று தசம் எட்டு என்ற எண்வரை முழுதும் விரித்தால் பூனையின் கண்போல் அது அரையிருளையும் பருகிவிடும். விலையாக ஒன்றை மட்டும் கேட்கும்: ஒரு விரற்கடை ஆழமே தெளிவாக விழும், அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கரைந்து போகும். இதை அறியாமல் முதற்சுருளில் என் மாமாவை எடுத்தேன். மாமா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "மூக்கு நல்லா வந்திருக்கும்மா. மத்தது எப்ப வரும்?" என்றார்.

நபீஸாவின் கலியாணம் நிச்சயமாகியிருந்த காலம் அது. தாய் வீட்டில் இல்லாத வேளைகளிலெல்லாம் தாயாக நின்று அவரை வளர்த்தவர் ராத்தா. அக்காவை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். ஆற்றங்கரைக் கல்லில் வழுக்கித் தொடையெலும்பு முறிந்து, கண்டியில் ஒரு மருத்துவமனையில் காலில் எடை கட்டிப் படுத்திருந்தார். அவருக்காக ஒருமுறை நாளைத் தள்ளி வைத்தாயிற்று. இனியும் தள்ள வேண்டாமென்று சொல்லி அனுப்பியவரும் அவரே. நபீஸாவோ அழுது தீர்த்தார். "ராத்தா பார்க்காத கலியாணம் எனக்கு எதுக்கு டீச்சர்?"

படமெடுத்துக் காட்டலாம் என்றால், பெண்கள் பகுதிக்குள் ஆடவர் எவரும் நுழைவதில்லை. கலியாண நாளில் தெருப்பக்கச் சன்னல்களையும் அடைத்துவிடுவார்கள். கூரையில் பதித்த ஒரேயொரு கண்ணாடி ஓடுதான் அந்த அறைக்குச் சூரியன். அத்தனை இருட்டில் பளிச்சென்று மின்னும் விளக்கில்லாமல் படம் பிடிக்கக்கூடிய பெண், எனக்குத் தெரிந்த வட்டாரத்தில், மூக்கெடுத்த நான் ஒருத்தியே. கழுவி அச்சிடும் வேலையைப் படக் கடைக்காரரின் மனைவி செய்வதாக ஏற்பாடாயிற்று. அதன் பிறகே நபீஸாவின் வாப்பா தலையசைத்தார்.

பிற்பகல் ஓட்டு வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்தில் நபீஸாவை அமர்த்தினேன். சுற்றிலும் பட்டுச் சேலைகளில் சின்னம்மா முறையான சாச்சிமாரும் மாமிமாரும். வெளியே கராம்பு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அத்தரும் அதுவும் கலந்து மூச்சு முட்டியது. மணப்பெண்ணின் வலப்பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்குமளவு வெறுமை. என் கண்ணுக்கு அது பல் விழுந்த வாய்போல் தெரிந்தது.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றேன். எவரும் அசையவில்லை. கருவிக்கு அஞ்சுகிறார்கள் என்று எண்ணினேன். மறுபடி சொன்னேன். குள்ளமான சாச்சி ஒருவர், "நாங்க நிக்கிறது சரிதான் டீச்சர், நீங்க எடுங்க" என்று முடித்துவிட்டார்.

"மூச்சை அடக்குங்க!" பொத்தானை அழுத்தினேன், மெல்லியதொரு சொடுக்கு. நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் அத்தனை பேரும் கண்களை இறுக மூடி, பற்களைக் கடித்து, வரப்போகும் மின்னலை எதிர்பார்த்து நிற்கிறார்கள்!

"எடுத்தாச்சு" என்றேன்.

"பொய்! வெளிச்சமே வரல்லியே?" என்றார் சாச்சி, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

"இதுக்கு வெளிச்சம் வேணாம். பொண்ணு மட்டும் தெளிவா வரும். நீங்கல்லாம் பனிக்குள்ள நிக்கிற மாதிரி இருப்பீங்க."

"அல்லாவே! அப்ப நான் எதுக்குக் காலைல இருந்து இந்தச் சாரியோட மல்லுக்கட்டினேன்?"

அறை முழுதும் சிரிப்பில் குலுங்கியது. தலைகுனிந்தே இருந்த நபீஸா அச்சிரிப்பில் அரைக்கணம் முகம் நிமிர்த்தினார். மறுபடி பொத்தானை அழுத்தினேன். அந்த அரைக்கணத்தைப் பிடித்தேனோ இல்லையோ என்பது, படம் கைக்கு வரும்வரை எனக்கு உறங்காக் கவலையாயிற்று.

படம் வந்தது. நபீஸாவின் இமைமயிர்களைக் கூட எண்ணலாம். மற்றையோர் நிறமற்ற மேகங்கள். ஒரு வில்லையை இத்தனை வணக்கத்தோடு நான் அதன் முன்னோ பின்னோ நோக்கியதில்லை. ஆயினும் அந்த மேகங்களை ராத்தாவிடம் எப்படிக் காட்டுவது என்று கூசினேன்.

மருத்துவமனைக் கட்டிலில் ராத்தா படத்தை இரு கைகளாலும் வாங்கினார். தங்கையின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணீரைத் துடைக்க விரலைக் கூட எடுக்கவில்லை. பின் பார்வை மேகங்களுக்குள் சென்றது. "இது சாச்சி. கழுத்தச் சாச்சிக்கிட்டு நிக்கிறத பாருங்களேன். இது மாமி, சாரிய இழுத்துச் சரிசெஞ்சிக்கிட்டு நிக்கிறா. அது எங்கட உம்மா, தோள் ஒன்னு எறங்கி இருக்கு." முகமில்லாத ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். தெளிவு வில்லையில் இருப்பதாக எண்ணியிருந்த எனக்கு, அன்பு மங்கலையும் படிக்கும் என்பதை எவரும் அதுவரை சொல்லித் தந்ததில்லை.

கடைசியாக விரல் வலப்பக்கத்து வெறுமையில் வந்து நின்றது.

"நான் நெருங்கி நிக்கச் சொன்னேன், அவங்க கேக்கல்ல" என்றேன், குறைக்குச் சமாதானம் சொல்வதுபோல்.

"எப்படிக் கேப்பாங்க டீச்சர்? அது என்ட இடம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த தோட்டத்துப் பெண் கை நீட்டினாள். படம் அவளிடம் போயிற்று. அவளிடமிருந்து ஒரு சிங்களக் கிழவியிடம். "மே சாச்சி?" இதுதானா சாச்சி என்று கிழவி சிங்களத்தில் கேட்க, ராத்தா அங்கிருந்தே ஆம் என்று தலையாட்டினார். பார்வையாளர் நேரம் முடிந்து நான் எழுந்தபோது படம் கூடத்தின் மறுகோடியில் இருந்தது.

ராத்தா ஊன்றுகோலுடன் வீடு திரும்பி, பல்லாண்டு வாழ்ந்து மறைந்தார். கராம்பு காய்ந்த முற்றத்தில் இன்று மூன்றுமாடிக் கடைத்தொகுதி. படக் கடையும் இல்லை. மாத்தளை ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் வேர்விட்டது. படச்சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாயின. அந்தப் படம் எந்தக் கையில் தங்கியதென்று எவருக்கும் தெரியாது.

நபீஸாவும் மறைந்தபின், அவருடைய மகள் படத்தைத் தேடி என்னிடம் வந்தாள். பிரதி இல்லை என்றேன். "யார் யார் நின்னாங்கன்னாவது சொல்லுங்க டீச்சர்" என்றாள். இடப்பக்கமிருந்து ஒவ்வொருவராகச் சொன்னேன், எழுதிக்கொண்டே வந்தாள்.

"உம்மாட வலப்பக்கத்துல?"

"உங்கட பெரியும்மா" என்றேன்.