பாய்லோ என்றால் மாற்றிக்கொள்வது

கிளென்ஃபீல்டில் ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறு காலைச் சந்தை. மழை தூறுகிறது. ஒரு மேசை நிறையச் சிறுமியின் உடைகள்; விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. முன்னால் அட்டையில் ஒரே சொல்: பாய்லோ.

நான் விலை கேட்கிறேன். மேசைக்குப் பின்னால் நிற்கும் லோர்னா பிலிப்பைன்ஸின் செபு தீவிலிருந்து வந்தவர். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம்.

“விக்கல. காசு கொடுத்து வாங்கினா எங்க செபுவானோ மொழியில பாலித். பாய்லோன்னா பொருளுக்குப் பொருள் மாத்திக்கிறது. எட்டு வயசு சைஸ் இருந்தா கொடுங்க.”

மகளுக்காக வாங்கியவையாம். நான்கு வயதிலேயே அழைத்துவந்துவிடலாம் என்று நம்பியிருக்கிறார். விசா மூன்று முறை மறுக்கப்பட்டுவிட்டது. இப்போது எட்டு வயதாகிவிட்ட மகள், செபுவில் லோர்னாவின் அக்காவிடம் வளர்கிறாள்.

“நீங்க இங்க, அக்கா அங்க. அதுவும் பாய்லோவா?” கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று உறைக்கிறது.

“இல்ல. பாய்லோல ரெண்டு பேர் கைக்கும் ஏதாவது வரும். இது புலி.”

எனக்கு விலங்குதான் நினைவுக்கு வருகிறது.

“எங்க மொழியில புலின்னா, ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் நிக்கிறது,” என்கிறார். “என் பொண்ணு இப்ப அக்காவத்தான் அம்மான்னு கூப்பிடுறா.”

யாரோ ஒரு பெண் எட்டு வயதுக்கான மேலங்கியைக் கொண்டுவந்து நீட்டுகிறார். லோர்னா அதை விரித்துப் பார்க்கிறார். மடித்துத் திருப்பிக் கொடுக்கிறார்.

“எட்டுதானே கேட்டீங்க?”

“விசா வர்றதுக்குள்ள வளர்ந்துடுவா. பத்து இருக்கா?”