இடது கையில் அரைக் கரண்டி

டிலக்சனா தேநீர் குடிக்க உட்கார்ந்தால் முதலில் இடது உள்ளங்கையைக் குழித்துக்கொள்வாள். அதில் அரைக் கரண்டி சர்க்கரை. வலது கையில் பாலில்லாத தேநீர். நாக்கு நுனியால் சர்க்கரையை ஒரு தொடு தொட்டுவிட்டு ஒரு மிடறு குடிப்பாள். மறுபடி ஒரு தொடு, ஒரு மிடறு. கோப்பை காலியான பிறகும் கையில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதை ஒரு குட்டித் தராசில் தட்டி எடை பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள். ஈரத்துக்காக எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கிளிநொச்சிப் பெண். மைசூரில் உணவு அறிவியல் ஆராய்ச்சி செய்கிறாள். ஒன்றரை வருடமாக எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். நாங்கள் கொள்ளேகால்காரர்கள், வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம். அவள் தமிழ் எங்களுக்குப் பிடிபடவே ஒரு மாதம் ஆயிற்று. மாடிப்படி இறங்கும்போதே "அன்ரி, தேத்தண்ணி குடிப்பமோ?" என்று குரல் வந்துவிடும். வந்த புதிதில் என் மனைவி நிர்மலா ஆசையாகச் சாம்பார் கொடுத்தனுப்ப, "அன்ரி, உங்கட சாம்பார் பாயாசம் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டாள். மைசூரில் சாம்பாருக்கு வெல்லம் போடுவது அவளுக்குத் தெரியாது. நிர்மலா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் டிலக்சனாவே அரைத்த மிளகாய்த்தூளோடு வந்து சமாதானம் செய்தாள். அந்தத் தூள் என் கண்ணில் நீர் வரவைத்தது வேறு விஷயம்.

அவள் ஆராய்ச்சியும் இந்தச் சர்க்கரைதான். தேநீரில் கலக்காமல் கையில் வைத்துத் தொட்டுக் குடித்தால், அதே இனிப்பை உணர எவ்வளவு சர்க்கரை குறைவாகப் போதும் என்பது கேள்வி. சோதனைக்கு எங்கள் தெருவிலிருந்தே முப்பத்திரண்டு பேரைத் திரட்டினாள். நானும் நிர்மலாவும் அதில் உண்டு. ஆளுக்கொரு கோப்பையை முன்னால் வைத்து, "சீனியைக் கையில வச்சுக் குடியுங்கோ" என்றாள்.

முப்பத்திரண்டு பேரும் வலது கையை நீட்டினோம். வாங்கியதைக் கண்ணில் ஒற்றி, மொத்தமாக வாயில் போட்டுக்கொண்டோம். பிறகு கசக்கும் தேநீரை முகம் சுளித்துக் குடித்து முடித்தோம். எடை போட ஒருவர் கையிலும் ஒரு துகள்கூட மிச்சமில்லை.

"கையில சக்கரை குடுத்தா கண்ணுல ஒத்தி வாயில போட்டுக்கறதுதானே அம்மிணி, வேறென்ன பண்ணுவாங்க?" என்றாள் நிர்மலா.

டிலக்சனா சிரித்தாள். "பிழை என்னிலதான் அன்ரி. எந்தக் கை எண்டு நான் சொல்லேல்லை. எங்கட ஊரில இதை ஆரும் சொல்லித் தாறதில்லை." மறு வாரம் வந்தவர்கள் பன்னிரண்டு பேர்தான். இந்த முறை அவளே குடித்துக் காட்டினாள். கலந்து குடிக்க ஒன்பது கிராம் வேண்டியிருந்த இடத்தில் நான்கு கிராம் போதுமானதாக இருந்தது.

சிரித்தாளே தவிர, அவள் பாடு திண்டாட்டம்தான். பல்கலைக்கழகத்தில் வருடாந்தர ஆராய்ச்சிக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே மதிப்பீட்டாளர் ஒப்புக்கொண்டால்தான் இந்தத் தலைப்பைத் தொடரலாம். இல்லையென்றால் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவளுடைய வழிகாட்டி சுசித்ரா சொல்லிவிட்டார். தொடங்கினால் உதவித்தொகை முடிவதற்குள் முடிக்க முடியாது. பாதியில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அப்படியிருந்தும் எங்கள் முப்பத்திரண்டு பேரின் கூத்தையும் கண்காட்சியில் வைக்கும் சுவரொட்டியின் நட்டநடுவில் கட்டம் கட்டிப் போட்டாள். அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். "நடந்தது நடந்ததுதானே அங்கிள். ஒளிச்சா மற்ற எண்ணையும் ஆர் நம்புவினம்?" என்றாள். இந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்ததும் இதுதான், பயமும் இதுதான்.

கண்காட்சிக்குச் சோதனையில் கலந்துகொண்டவர்களையும் அழைத்திருந்தாள். நிர்மலாவும் நானும் போனோம். மண்டபத்துக்குள் தின்பண்டமோ பானமோ கூடாது என்று எழுதி ஒட்டியிருந்ததால் செய்து காட்ட வழியில்லை. வெறும் இடது கையைக் குழித்தபடியே வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

மதிப்பீட்டாளர் நஞ்சுண்டசாமி வந்தார். சாம்ராஜநகர் பக்கத்துக்காரர், எங்களைப் போலவே இரண்டு மொழியும் பேசுவார். அவள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். நேராக அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"ஃபெயில் ஆனதைப் போய் ஏம்மா இவ்வளவு பெரிசா போட்டிருக்கே?"

"அதாலதான் சேர் மற்றது சரியா வந்தது. சனம் சீனியை எப்பிடி வாங்கும் எண்டு எனக்குத் தெரியாமக் கிடந்தது."

"சரி, பன்னெண்டு பேர் போதுமா?"

நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டேன்.

"போதாது சேர்" என்றாள் டிலக்சனா.

"ஹௌதா" என்றார். கன்னடத்தில் 'அப்படியா' என்று அர்த்தம். நம்பியும் சொல்லலாம், நம்பாமலும் சொல்லலாம். தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த சுவரொட்டிக்கு நகர்ந்துவிட்டார். நிர்மலா என்னைப் பார்த்த பார்வையில், வாயைத் திறக்காதே என்று இருந்தது.

இடைவேளையில் வராந்தாவில் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார்கள். டிலக்சனா தன் கைப்பையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்தாள். முகத்தில் பெரிய வாட்டமெல்லாம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதிதான் தெரிந்தது. நான்தான் என் கோப்பையைத் தொடவில்லை.

அப்போது நஞ்சுண்டசாமி எங்களை நோக்கி வந்தார். இடது கையில் கோப்பை. அதில் பாலில்லாத கறுப்புத் தேநீர்.

"அடுத்த வருஷம் நூறு பேருக்குக் குறையக் கூடாதும்மா" என்றார்.

சொல்லிவிட்டு வலது கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். கோப்பையை வலது கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையைக் குழித்து அவள் முன்னால் நீட்டினார்.

டிலக்சனா கரண்டியில் சர்க்கரையை அள்ளினாள். ஆனால் போடவில்லை.

"பொறுங்கோ சேர், நிறுக்க வேணும்" என்று பையைத் துழாவித் தராசை வெளியே எடுத்தாள். அவர் கையை மடக்காமல் நின்றார்.