நேயாண்டர்டாலர் என்றால் பள்ளத்தாக்குக்காரர்

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தபோது, வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன். கட்டு மாற்றும்போதுகூட வாய் எதையாவது முணுமுணுக்கும். அந்த வாரப் பாடம் ஆதிமனிதர்களைப் பற்றியது.

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் முதுகும் கைகளும் வெந்துபோன ஓர் அக்கா, வாழையிலை மேல் குப்புறப் படுத்திருந்தார். தண்ணீர் எடுக்க வெளியே வந்ததால் உயிர் தப்பியவர். அதே ரூமுக்குள் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்த அவருடைய தங்கையும் வேறு இரண்டு பெண்களும் அங்கேயே இறந்துவிட்டார்கள். அவர்கள் மதுரை ஆஸ்பத்திரியில் இருப்பதாக மாமியார் அவரிடம் சொல்லி வைத்திருந்தார். எங்களையும் அப்படியே சொல்லச் சொன்னார்.

"என்ன சிஸ்டர், தன்னால பேசிக்கிட்டே இருக்கீக?"

"ஜெர்மன் வார்த்தைக்கா. நேயாண்டர்டாலர்."

"சங்கிலியில கோக்குற டாலரா?"

சிரித்துவிட்டேன். நாம் பள்ளிக்கூடத்தில் நியாண்டர்தால் மனிதர் என்று படித்ததை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்றேன். 'டால்' என்றால் பள்ளத்தாக்கு. நேயாண்டர் என்கிற பள்ளத்தாக்கில் எலும்பு கிடைத்ததால், அந்த இடத்துக்காரர் என்று பெயர்.

"இப்ப அவுக எங்கன இருக்காக?"

"இல்லக்கா. அம்புட்டுப் பேரும் அழிஞ்சு போயிட்டாக."

"ஒருத்தருகூட மிஞ்சலையா?"

"மிஞ்சலைக்கா."

கட்டுத்துணி தோலோடு ஒட்டியிருந்தது. ஈரப்படுத்தி மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ரூமும் அப்பிடித்தான, சிஸ்டர்?"

மதுரை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. தலைமாட்டுக்குப் போய், அவர் முகம் தெரியும்படி தரையில் உட்கார்ந்தேன்.

"ஆமாக்கா. தங்கச்சியும் போயிட்டாக."

"எப்ப எடுத்தாக?"

"நீங்க இங்க வந்த மறுநாளு."

கண்ணீர் மூக்கோரமாக வழிந்து இலையில் சொட்டியது. அவரால் கையைத் தூக்க முடியாது. நான் துடைத்துவிட்டேன்.

"தெனமும் அவுகளப் பத்திக் கேட்டா, அத்தை மொகத்தத் திருப்பிக்கிட்டே பதில் சொன்னாக. அப்பவே தெரியும்," என்றார். பிறகு, "மிச்சக் கட்டையும் மாத்திருங்க" என்றார்.

நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்ட மாமியார் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா தாயி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இருவரும் அழுவது வெளியே கேட்டது.

அக்கா பிழைத்து ஊருக்குப் போனார். விரல்கள் சரியாக மடங்கவில்லை. தங்கையின் பிள்ளைகளையும் அவரே வளர்க்கிறார். பெரியவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன்.