மகன் சாப்பாடு கேட்காத காலை

என் மகனுக்கு ஏழு வயதில் சிறுநீரில் புரதம் போகும் நோய் வந்தது. முகம் வீங்கிக் கண் திறக்க முடியாது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நாங்கள் இருப்பது வங்காளத்தில். பாலிகஞ்சில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் கடும் பசி எடுக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியே ஆனது. உப்பில்லாத இட்லியைத் தின்று முடிப்பதற்குள் அடுத்தது என்ன என்பான். பக்கத்துக் கட்டிலில் லூச்சிப் பூரி டப்பாவைத் திறந்தால் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பான்.

நான் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை படித்தவன். வங்காளம் பேசுவேன். ஆனால் நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு எந்த மொழியிலும் வாய் வராது. டாக்டர்களிடம் பேசுவதெல்லாம் என் மனைவிதான். இரவில் அவள் அங்கே இருப்பாள். காலையில் நான் வந்ததும் குளிக்க வீட்டுக்குப் போவாள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் கிளம்பாமல் நின்றாள்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து இவன் எதுவுமே கேக்கலைங்க. ராத்திரி டாக்டர்கிட்ட சொன்னேன். நல்லதுதானே, வீக்கம் சீக்கிரம் வடியும்னாரு. பெரிய மேடம் வந்ததும் நீங்க சொல்லுங்க."

"நீயே இருந்து சொல்லிட்டுப் போயேன்."

"அவங்க வர பதினொண்ணாகும். நேத்துலேருந்து இதே சேலை. கிரிக்கெட் பாக்கறப்ப மட்டும் தெருவுக்கே கேக்குது உங்க சத்தம். இங்க ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவள் போன பிறகு மகனைப் பார்த்தேன். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

"வயிறு வலிக்குதாடா?"

"இல்ல."

வலிக்கிறது என்றால் ஊசி வரும் என்று அவனுக்குத் தெரியும்.

பெரிய மேடம் ஏழெட்டு இளம் டாக்டர்களோடு வந்தார். ஒவ்வொரு கட்டிலிலும் அம்மாக்கள் ஒரே குறையைச் சொன்னார்கள்: பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறது. மேடம் சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். எங்கள் கட்டிலுக்கு வந்ததும் ஒரு பெண் டாக்டர் அட்டையைப் படித்தார். காய்ச்சல் இல்லை, எடை குறைந்திருக்கிறது. மேடம் என்னைப் பார்த்தார்.

"காச்சே நா," என்றேன். சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

"ஹோபே, ஹோபே," என்றார். எல்லாம் சரியாகும் என்று. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சொல்லியாயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் சொன்னது மற்றவர்கள் சொன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது. மகன் கண்ணை மூடிக் கிடந்தான். அவன் மூச்சு மேலோட்டமாக இருந்தது.

"மேடம்," என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். வங்காளமும் இந்தியும் கலந்து உளறினேன். இவன் சாப்பிட மறுக்கிற பிள்ளை இல்லை, இத்தனை நாளாகச் சாப்பாடு கேட்டு எங்களைத் துளைத்தெடுத்தான், நேற்று மாலையிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று சொன்னேன்.

அவர் திரும்பி வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். மகன் வலி இல்லை என்றான். கீழே இறங்கி ஒரு தடவை குதி என்றார். அவன் இறங்கினான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றான். குதிக்கவில்லை. மேடம் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

அன்று மதியத்துக்குள் வயிற்றில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கலாக இருந்தது. வயிற்று நீரில் கிருமி. இந்த மாத்திரை நோய் எதிர்ப்பைக் குறைக்கும், அதோடு காய்ச்சலையும் வலியையும் அமுக்கிவிடும், அதனால்தான் அட்டையில் எதுவும் தெரியவில்லை என்று மேடம் விளக்கினார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ரத்தத்தில் ஏறியிருக்கலாம் என்றார். உடனே வேறு மருந்து நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

மனைவி திரும்பி வந்து நடந்ததைக் கேட்டதும் நேராக மேடத்திடம் போனாள். "அப்ப அந்த மாத்திரையை நிறுத்திடுங்க."

நிறுத்த முடியாது என்றார். திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது, அது வேறு ஆபத்து.

மறுநாள் காலை நர்ஸ் அதே மாத்திரைகளைக் கொண்டு வந்தார். மனைவி வாங்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் வாங்கி மகனுக்குக் கொடுத்தேன். அன்றும் மறுநாளும் நாங்கள் இருவருமே வீட்டுக்குப் போகவில்லை. மருந்து ஏற்ற ஆரம்பித்த நான்காம் நாள் வயிற்றிலிருந்து எடுத்த நீர் தெளிவாக இருந்தது என்று மேடம் வந்து சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் குளிக்கப் போனாள்.