கடனை ஒழுங்காகக் கட்டும் தெருவும் செல்வியின் சங்கிலியும்

மகளிர் குழுத் தலைவி என்பது சம்பளமில்லாத வேலை. திட்டு மட்டும் வாராவாரம் தவறாமல் பட்டுவாடா ஆகிவிடும்.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் தெரு. பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் ஜெபமாலையும் நானுமாக நிம்மதியாக இருந்தேன். அது பங்குச் சாமியாருக்குப் பொறுக்கவில்லை. “தெரேசம்மா பொறுமைசாலி” என்று என் பெயரைச் சொல்லிவிட்டார். அன்று முதல் செவ்வாய்க்கிழமை தோறும் வாரக் கடன் கூட்டம் என் வீட்டு முன்னறையில். பத்துப் பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கட்டும்வரை யாரும் எழுந்து போக முடியாது. பக்தி வளர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. செல்வியின் தவணை வந்து சேர வேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொண்ட அளவுக்குத் தவக்காலத்தில்கூட வேண்டியதில்லை.

செல்வி எனக்கு இரண்டு வீடு தள்ளி. கம்பெனி கேன்டீனில் வேலை. அவளுடைய மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. தை பிறப்பதற்குள் ஒரு முடிவு சொல்லாவிட்டால் ஏலம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதே தையில்தான் உத்தனப்பள்ளியில் அவள் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ஏலம் போவதைவிட, வெறுங்கழுத்தோடு நாத்தனார் எதிரில் போய் நிற்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். படிக்கிற உங்களுக்கும் ஒரு நாத்தனார் இருப்பாள். விளக்கம் தேவையில்லை.

பாராட்டு விழா

ஒரு செவ்வாய், கடன் கொடுக்கிற கம்பெனியின் மேனேஜரே நேரில் வந்தார். எங்கள் தெருவில் ஒரு தவணைகூடத் தவறியதில்லையாம். எனக்கு ஒரு சுவர்க் கடியாரம் பரிசு. “மத்த ஏரியாவெல்லாம் உங்களைப் பாத்து கத்துக்கணும்” என்றார். என்ன கற்றுக்கொள்வார்களோ! செவ்வாய்க் கடனைக் கட்ட வியாழக்கிழமைக் கம்பெனியில் வாங்குவோம். வியாழனுக்கு வேறொரு கம்பெனி. எங்களிடம் நயா பைசா கிடையாது, ஆனால் பாக்கியும் கிடையாது.

நல்ல நடத்தைக்குப் பரிசாக எல்லோருக்கும் இதைவிடப் பெரிய கடன் தருவதாகச் சொன்னார். குடிகாரன் குடியை விட்டதற்குப் பெரிய பாட்டில் தருவது மாதிரி. கடனைக் கடனால் கட்டக்கூடாது என்று அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக வாயைத் திறந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. செல்வி கடியாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்: “என்னாக்கா, உள்ள பேட்டரியே இல்ல. அதுக்கும் தனியா லோன் எழுதுவாங்களா?”

குலுக்கலில் விழுந்த டிவி

கடன் குறைய முதல் வழி, புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து எவ்வளவு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது. சொல்லிப் பாருங்கள், எவ்வளவு சுலபம்! செல்வியையும் அவள் வீட்டுக்காரர் முருகேசனையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நடுவில் காபி, காபிக்கு மேல் மாதா படம். இருவரும் காபியை ஆற்றோ ஆற்றென்று ஆற்றினார்கள்.

கடைசியில் வெளியே வந்தது. மகளின் பாலிடெக்னிக் ஃபீசுக்காக இவள் அவருக்குத் தெரியாமல் வாரக் கடன் வாங்கியிருக்கிறாள். அவர் இவளுக்குத் தெரியாமல் செல்போன் ஆப்பிலேயே கடன் வாங்கியிருக்கிறார். ஒரே பிள்ளைக்கு ஒரே ஃபீஸ், இரண்டு கடன்! இவள் முந்திக்கொண்டு கட்டிவிட, அவர் வாங்கிய பணத்தில் டிவி வந்தது. தன் கம்பெனியில் நடந்த குலுக்கலில் விழுந்த டிவி என்று சொல்லியிருந்தார். இவளும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கிறாள். “ஃபீஸ்தான் கட்டியாச்சே, பணத்தைத் திருப்பிக் குடுத்திருக்கலாமே தம்பி?” என்று கேட்டேன். முருகேசன் சொன்னது அப்படியே: “வாங்கின சூட்டோட திருப்பிக் குடுத்தா, நமக்கு வக்கில்லன்னு நெனச்சுக்க மாட்டாங்களாக்கா?”

நாகரத்னம்மாவின் சிக்கனம்

எதிர்வீட்டு நாகரத்னம்மா எங்கள் குழுவின் சிக்கனப் புலி. தீபாவளி போனஸ் வந்ததும் வட்டி அதிகமான கடனில் முதலில் போடுங்கள் என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசியிருந்தேன். ஜெபம் கேட்பது மாதிரி கண்ணை மூடிக் கேட்டாள். மறுநாளே தள்ளுபடிக்காக இரண்டு பஸ் மாறி பெங்களூர் போய், வீட்டில் ஏற்கெனவே இரண்டு குக்கர் இருக்க மூன்றாவதோடு வந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. “இத வாங்காம வந்திருந்தா பாதி வெலை நஷ்டமாயிருக்கும்க்கா, உங்களுக்குக் கணக்கே தெரியல!”

தங்கமான வாடிக்கையாளர்

செல்வியின் அடகு சமாச்சாரம் ஒரு திருவிழா மாதிரி. வருஷா வருஷம் கெடு முடிகிற நாள் காலையில், மணிக்கு மணி ஓடுகிற ரன் வட்டிக்குக் கைமாற்று வாங்குவாள். நகையை மீட்பாள். கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்வாள். மத்தியானம் அதே கடையில் மறுபடியும் வைத்து, கைமாற்றைத் தீர்ப்பாள். சங்கிலி அவள் கழுத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வருஷ வட்டி. சினிமா நடிகைகூட அவ்வளவு வாடகைக்கு நகை போட மாட்டாள்.

“விக்கலாம் செல்வி. தங்கம் விக்கிற வெலைக்கு, அடகு தீர்ந்தது போக இருக்கிற மிச்சத்துல செவ்வாய், வியாழன் ரெண்டு கடனும் முடியும்” என்றேன். ரெண்டு நாள் என் வாசலைத் தவிர்த்துச் சுற்று வழியிலேயே வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்று, “கல்யாணத்துல என்னத்தைக்கா போடுவேன்?” என்று அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன்; குழுத் தலைவி வேலையில் அதுவும் அடக்கம்.

அழுது முடித்ததும் செல்வி விற்கச் சம்மதித்தாள். அடகைத் தன் பணத்தில் மீட்டு நகையை விலைக்கு வாங்கிக்கொள்கிற ஒரு நகைக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு, நாங்கள் மூவருமாக அடகுக் கடைக்குப் போனோம். பஸ்ஸிலேயே ஒரு ஜெபமாலை முடித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அடகுக் கடைக்காரர், சொந்தத்தில் சாவு விழுந்த மாதிரி எழுந்து நின்றுவிட்டார். கணக்கு முடித்து நகையைக் கொடுத்தபோது அவர் கோபம் செல்விமேல் இல்லை, என்மேல்: “எவ்ளோ நல்ல கஸ்டமரு! இப்படிக் கெடுத்துட்டீங்களேம்மா!”

உத்தனப்பள்ளியில் ஒரு கழுத்து

தை பிறந்தது. செல்வி புதிதாகக் கடன் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டு, “நீங்க பக்கத்துல இல்லன்னா நான் போகவே மாட்டேன்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பினாள். மண்டபத்தில் நுழைந்ததிலிருந்து முந்தானையை எடுத்துக் கழுத்தைச் சுற்றியபடியே இருந்தாள். மொய் எழுதுகிறவர்கூட, “என்னம்மா, குளிர் காய்ச்சலா?” என்று கேட்டார்.

நாத்தனார் வந்தாள். பெண்ணைப் பெற்றவள் அல்லவா, கழுத்திலிருந்து வயிறு வரை நகை தகதகவென்று இறங்கியிருந்தது. நேராக வந்தாள். செல்வியின் முந்தானையை விலக்கினாள். சங்கிலியை விரலால் தூக்கி, புரட்டி, கொக்கியை உற்றுப் பார்த்தாள். செல்வி என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் நசுங்கியது. “மாதாவே, இந்தப் பிள்ளையின் மானம் உன் கையில்” என்று நான் மனசுக்குள் முனகிக்கொண்டிருந்தேன். நாத்தனார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, செல்வியின் காதோரம் குனிந்தாள்: “இத எந்தக் கடைல எடுத்தீங்க அண்ணி? நான் போட்டிருக்கிறதெல்லாம் ஒரே வாரத்துல பல்லிளிச்சுடுச்சு!”

ஒருத்தி கழுத்துக்கு இன்னொருத்தி பயந்துகொண்டிருக்கும்வரை, ஆண்டவர் அடகுக் கடைக்காரரை ஒருநாளும் கைவிடப்போவதில்லை.