ரோஷன் பேகம் பாட்டில் கழுவிய நாள்

பாலக்கரையில் அவருக்கு மிட்டாய் பாட்டில் டீச்சர் என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். காலேஜ் வாசலை மிதித்த பொம்பளை, பெட்டிக்கடை மிட்டாய் பாட்டில்களை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தால் தெரு சும்மா இருக்குமா? ரோஷன் பேகத்துக்கு அதில் துளிக்கூட வருத்தம் கிடையாது. "டீச்சர்னு சேத்துத்தானே சொல்றாங்க, சொல்லட்டும்" என்பார்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவர் ஏங்கிக் கிடந்தார். பிறந்தது மன்னார்புரம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அத்தா, சொந்தக்காரர்கள் வாயையெல்லாம் அடைத்துவிட்டு மகளை இன்டர்மீடியட் வரைக்கும் சயன்ஸ் படிக்கவைத்தார். அதற்கு மேல் கல்யாணம். 1951இல் காஜா மைதீனைக் கட்டிக்கொண்டு பாலக்கரைக்கு வந்தபோது, பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் காலேஜ் லேப் நோட்டு இரண்டு பத்திரமாக இருந்தன. நீளமான மேஜை, மேஜைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய், சுவரில் பெரிய கரும்பலகை. அப்படி ஓர் அறையில் ஒரு நாளாவது நின்று பாடம் நடத்த வேண்டும். வேறு ஆசையே அவருக்கு இருந்ததில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மற்ற ஆசைகளை எல்லாம் அவர் மறந்துபோனார், இதை மறக்கவில்லை.

காஜா மைதீனுக்குக் காந்தி மார்க்கெட் பக்கம் கண்ணாடிச் சாமான் கடை. விளக்குச் சிம்னி, மிட்டாய் பாட்டில், ஊறுகாய் ஜாடி. வண்டியில் வரும்போதே வாயோரம் லேசாகச் சில்லு போய்விடுகிற பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். "விக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வரல. நீயாவது வச்சுக்கம்மா" என்பார். அந்தப் பாட்டில்களை வைத்துத்தான் 1953இல் ரோஷன் பேகம் தன் வீட்டு முற்றத்தில் தெருவில் இருந்த பெண் பிள்ளைகளுக்குச் சயன்ஸ் டியூஷன் ஆரம்பித்தார். முதலில் மூன்று பேர், பிறகு பன்னிரண்டு.

அந்த முற்றத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சோதனையையும் செய்வதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். தெரியாது என்ற பேச்சே கூடாது. தப்பாகச் சொன்னவர்கள் கடைசியில் பாட்டிலைக் கழுவ வேண்டும். புகைக்கரியும் மெழுகும் பிடித்த பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நாலு வருஷமாக அங்கே பாட்டில் கழுவாத ஒரே ஆள் டீச்சர்தான். அதில் அவருக்கு ஒரு கர்வமும் இருந்தது, மறைப்பானேன்?

அதிகமாகக் கழுவியது ராசாத்தி. பன்னிரண்டு வயது. அம்மா சந்திரம்மாள் பச்சைமலைப் பக்கத்திலிருந்து வந்து, காந்தி மார்க்கெட்டில் மரவள்ளிக்கிழங்கு விற்பவள். எல்லோரும் கிழக்கு என்றால் ராசாத்தி மேற்கு என்பாள். பிடிவாதத்துக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே அப்படித் தோன்றுகிறதா என்று யாருக்கும் பிடிபடவில்லை. "ஏங்க டீச்சர், எம்புள்ள உங்ககிட்ட படிக்க வருதா, பாத்திரம் தேய்க்க வருதா?" என்று சந்திரம்மாளே ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

1957 ஜூன் மாதம். ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அதன் ஹெட்மிஸ்ட்ரஸ் கோமளவல்லி அம்மாள், பள்ளிக்குக் கண்ணாடிக் குடுவைகள் வாங்கக் காஜா மைதீன் கடைக்கு வந்தார். வந்த இடத்தில், சயன்ஸ் டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டாள், ஆள் கிடைக்கவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். காஜா மைதீனிடமா அதைச் சொல்வது! குடுவையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே பெண்டாட்டியின் பெருமையை அரை மணி நேரம் அளந்து தள்ளினார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை வந்து பாக்கறேன். பாடம் எடுக்கறது பிடிச்சிருந்தா தற்காலிகமா எடுத்துக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை வரைக்கும் ரோஷன் பேகத்துக்குச் சோறு இறங்கவில்லை. எந்தப் பாடம் எடுப்பது என்பதில் மட்டும் குழப்பமே இல்லை. மெழுகுவத்திப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்; ஒரு தடவைகூடக் காலை வாரியதில்லை.

நாலு மணிக்குக் கோமளவல்லி அம்மாள் வந்தார். மடிசார், நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் தண்ணீர்க் கூஜா. டீ வேண்டாம் என்றார், சர்பத்தும் வேண்டாம் என்றார், கொண்டுவந்த கூஜாவிலிருந்தே ஒரு வாய் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு பெண்களும் பாயில் மூச்சுவிடாமல் இருந்தார்கள்.

எனாமல் பேசினில் தண்ணீர், அதில் ஒரு சொட்டு சலவை நீலம். நடுவே ஒரு மெழுகுவத்தி. பாட்டிலின் மேல் ஐந்து சம பங்காகக் கோடு போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் பழகிய சோதனை என்பதால் யாரையும் சொல்லச் சொல்லாமலே ரோஷன் பேகம் மெழுகுவத்தியை ஏற்றி, பாட்டிலை அதன்மேல் கவிழ்த்தார். சுடர் சுருங்கி அணைந்தது. நீலத் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறி முதல் கோட்டுப் பக்கம் வந்து நின்றது.

"காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிஞ்சு தீந்துபோச்சு. காலியான அந்த இடத்துக்குத் தண்ணி வந்துருச்சு" என்றார். புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது.

"பேஷ்" என்றார் கோமளவல்லி அம்மாள்.

அந்த ஒரு சொல்லில் ரோஷன் பேகம் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பாதி ஸ்ரீரங்கம் போய்விட்டார். அப்போது பார்த்து ராசாத்தி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எரியிறப்பதானே ஆக்சிஜன் தீருது? அப்ப எரியிறப்பவே தண்ணி ஏறணும்ல? இது அணைஞ்சப்புறம்தானே குபுக்குனு ஏறுது?"

"கொஞ்சம் தாமதமா ஏறும்மா" என்றார் ரோஷன் பேகம். சொன்ன மாத்திரத்திலேயே அது பதில் இல்லை என்று அவருக்கே உறைத்தது.

ராசாத்தி விடுகிற ஜாதியா? "சரி, நாலு மெழுகுவத்தி வச்சா?"

"நாலு வச்சாலும் நாப்பது வச்சாலும் உள்ள இருக்கறது அதே காத்துதானே. அதே கோடுதான்."

"இல்ல டீச்சர், மேல போகும். பாட்டிலைக் கவுக்குறப்ப ஓரத்துல கொப்புளம் கொப்புளமா காத்து வெளிய போவுது. கழுவுறதுக்குன்னு நான்தான் எப்பவும் பேசின் பக்கத்துல உக்காந்திருக்கேன், பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நாலு வச்சா இன்னும் நெறைய போகும்."

சரி, சட்டம் சட்டம்தான். எல்லோரும் சொல்ல வேண்டும். பதினொரு பெண்களும் டீச்சர் பக்கம். ராசாத்தி ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம். ரோஷன் பேகம் தைரியமாகவே விருந்தாளி பக்கம் திரும்பினார். "நீங்களும் சொல்லணும்ங்க. இங்க வந்தவங்க யாரா இருந்தாலும் சொல்லியாகணும்."

கோமளவல்லி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் உங்க கட்சிதான். முதல் கோடு."

நாலு மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. பாட்டில் கவிழ்ந்தது. ஓரத்தில் குமிழிகள் கொதிக்கிற உலைபோல வெளியே வந்தன. சுடர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. தண்ணீர் ஏறியது. முதல் கோட்டைத் தொட்டது, தாண்டியது, நிற்காமல் இரண்டாவது கோட்டுக்கும் மேலே போய் நின்றது.

ரோஷன் பேகம் நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தார். ஆறு வருஷத்து ஆசை அந்த நாற்காலியில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பேசின் ஆடிவிட்டது என்று சொல்லிவிடலாம். காகிதம் கோணலாக ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பிள்ளைகள் நம்பிவிடுவார்கள், டீச்சர் சொன்னால் எதைத்தான் நம்பவில்லை? அதற்காகவே அவரால் சொல்ல முடியவில்லை.

"ராசாத்தி சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு" என்றார். "ஏன்னு எனக்குத் தெரியல."

தெரியாது என்ற பேச்சே கூடாத முற்றத்தில் அதை டீச்சரே சொன்னார். இருக்கிறவர்களிலேயே சின்னவள் சுராயா, எட்டு வயசு. அவளுக்குச் சட்டம் மட்டும்தான் தெரியும். "அப்ப டீச்சர்தான் பாட்டில் கழுவணும்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள்.

"அவளை ஏன் கிள்றே? சரியாத்தானே சொல்றா" என்று சொல்லிவிட்டு ரோஷன் பேகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தார். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டிலைத் தேய்த்தார். மெழுகு போகவில்லை. கோமளவல்லி அம்மாள் கூஜாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாழியாயிடுத்து, பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றார். வேலையைப் பற்றிய பேச்சை எடுக்காமலே வாசல் படி இறங்கினார்.

அன்று சாயங்காலம் காஜா மைதீன் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரே ஒரு நாளைக்கு ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருக்கக் கூடாதா?"

"அந்தப் புள்ள என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க" என்றார் ரோஷன் பேகம். சொல்லும்போதே அழுகை வந்தது. ஒரு பாட்டம் அழுது தீர்த்தார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். "ஆனா என்ன மாதிரிப் புள்ள அவ! மாஷா அல்லாஹ்! நாலு வருஷமா நானே பாக்காததைப் பாத்திருக்கா. என் முற்றத்துல உக்காந்து பாத்திருக்கா!" அழுத முகத்தில் அப்படி ஒரு பெருமையைக் காஜா மைதீன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். இரண்டு பேரும் தின்றார்கள்.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. ரோஷன் பேகம் அந்த வேலையைத் தலைமுழுகிவிட்டார். ஆனால் அந்த இரண்டாவது கோட்டை மட்டும் விட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை, பாட்டிலில் ஒட்டியிருந்த மெழுகு போகட்டும் என்று வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, தண்ணீர் நிறைந்திருந்த பேசினில் அப்படியே கவிழ்த்து வைத்தார். அரிசி களைந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறியிருக்கிறது! மெழுகுவத்தி இல்லை, நெருப்பு இல்லை, எதுவும் எரியவில்லை.

"அல்லாஹ்வே!" என்று கத்தியவர், துப்பட்டியைச் சரியாகக்கூடப் போர்த்திக்கொள்ளாமல் காந்தி மார்க்கெட்டுக்கு ஓடினார். மரவள்ளிக்கிழங்குக் குவியலுக்குப் பின்னால் அம்மாவும் மகளும் இருந்தார்கள். சந்திரம்மாள் பதறி எழுந்தாள். "என்னங்க டீச்சர், வீட்டுல ஏதும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலம்மா. ராசாத்தி, சூடுடி! சூட்டுல காத்து பெருத்து வெளிய போவுது. அதான் நீ பாத்த கொப்புளம். அப்புறம் ஆறிச் சுருங்குது, அந்த இடத்துக்குத்தான் தண்ணி ஏறுது. நாலு மெழுகுவத்தின்னா நாலு மடங்கு சூடு!"

"அப்ப அஞ்சுல ஒரு பங்கு பொய்யா டீச்சர்?"

"அது நெசம்தான். ஆனா இந்தப் பாட்டில் அதைக் காட்டல. நாமதான் காட்டுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்."

மூட்டை தூக்குகிறவர்கள் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் பிள்ளையும் நகரவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு போஸ்ட்கார்டு வந்தது. நாலே வரி. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கு வரவும். மிட்டாய் பாட்டிலைக் கொண்டுவரவும். அந்தக் குழந்தையையும் அழைத்துவரவும். கோமளவல்லி.

திங்கட்கிழமை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ரோஷன் பேகம் மடியில் பாட்டில், பக்கத்தில் எண்ணெய் வைத்துப் படியத் தலை வாரிய ராசாத்தி. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று இருவருக்கும் தெரியாது. பள்ளியில் கோமளவல்லி அம்மாள் அவர்களை நேராக ஓர் அறைக்கு அழைத்துப் போனார். நீளமான மேஜை. சுவரில் கரும்பலகை. ஓரத்தில் தண்ணீர்க் குழாய். முப்பது பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"எடுங்கோ, அதே பாடம்தான். நாலு மெழுகுவத்தியும் வச்சு எடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரோஷன் பேகம் எடுத்தார். முதலில் எல்லோரையும் சொல்லவைத்தார். தண்ணீர் இரண்டாவது கோட்டைத் தாண்டியதும் அறையே ஆர்ப்பரித்தது. ஏன் என்று விளக்கினார். இதைக் கண்டுபிடித்தது யார் என்றும் சொன்னார். ராசாத்தி என்ற பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்.

பாடம் முடிந்ததும் கோமளவல்லி அம்மாள் முன்னால் வந்தார். "இருபத்திரண்டு வருஷமா இந்தப் பாடத்தை எடுத்துண்டிருக்கேன். ஒரு குழந்தைகூட என்னைக் கேக்கலை. நான் கேக்க விடலைன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. ஆத்துக்குப் போய் நானும் நாலு வச்சுப் பாத்தேன். உங்களுக்கு இன்னிலேந்து இங்கேதான் வேலை." பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒரு பாக்கி இருக்கு. நானும் உங்க கட்சின்னு சொல்லிட்டு, கழுவாம வந்துட்டேன்."

மேஜைமேல் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். பாலக்கரை வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத அந்த அம்மாள், மடிசார் நனைய, அந்த வீட்டுப் பாட்டிலுக்குள் கையை விட்டுத் தேய்த்தார். முப்பது பெண்களும் வாய் பிளந்து நின்றார்கள். ரோஷன் பேகத்துக்குத் தடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கழுவி முடித்துப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார் ஹெட்மிஸ்ட்ரஸ். ராசாத்தி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த வேலையில் திருச்சியிலேயே அவளை மிஞ்சிய ஆள் கிடையாது.

"அடியில இன்னும் கரி இருக்குங்க டீச்சர்" என்றாள்.

கோமளவல்லி அம்மாள் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடியும் குழாயைத் திறந்தார்.